நெடும் பயணத்தின் முதல் நாள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)

 

மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரை ஒருவருடையது அல்ல. எங்கள் வகுப்பில் படித்து இன்று வெளிநாடுகளில் வாழும் தோழிகளும், இங்கேயே இருந்துகொண்டு பிள்ளைகளைப் பார்க்கப் போய் வருகின்ற தோழிகளும் கூடிப் பேசி எழுதியது. ஆகவே "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

நூற்றாண்டு விழாவிலே பாடசாலையின் வரலாற்றைச் சொல்லப் பெரியவர்கள் இருக்கிறார்கள். விடுதிச் சாப்பாட்டையும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் நினைவூட்டச் சின்னவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் நீண்ட விமானப் பயணம். இதிலே பேச என்ன இருக்கிறது என்று சிலர் சிரிக்கலாம். இந்த மண்டபத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். லண்டனிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், மெல்பேர்னிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம். நேற்றிலிருந்து எல்லோரையும் நாங்கள் கேட்ட முதல் கேள்வி, "பயணம் எப்படி?" என்பது. எல்லோரும் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "அத ஏன் கேக்கிறீங்க, சப்பாத்துக்குள்ள கால் போகுதில்ல!"

வந்தவர்கள் கதை அது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் போகப் போகிறவர்களும் உண்டு. மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தனியாகக் கனடா போகும் அம்மாமார் உண்டு. படிக்கப் போகும் பிள்ளைகள் உண்டு. வீட்டு வேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கும் தங்கைமாரும் உண்டு. அவர்களுக்காகவே இந்த உரை.

நெடும் பயணம் நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். அங்கிருந்து மலைக்கு ஏறினார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பின் மண்டபம் முகாமில் தங்கவைத்துச் சோதித்து, கப்பலேற்றி, கோச்சியில் மலைக்கு அனுப்பினார்கள். கோச்சிப் பாதை அப்புத்தளைக்கு 1893இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் வந்து சேர்ந்தது. நம் சங்கத்தின் வயதும் பதுளைப் பாதையின் வயதும் ஏறத்தாழ ஒன்று.

அந்தப் பாதையிலேயே நம்மவர்கள் திரும்பியும் போனார்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பதென்றும் முடிவாயிற்று. எந்தப் பட்டியலில் யார் பெயர் வரும் என்பதில் குடும்பங்கள் பிரிந்தன. அக்கா அங்கே, தங்கை இங்கே. நிலையத்துக்கு நிலையம் அழுகை கேட்டதால் அந்த வண்டியை "ஒப்பாரிக் கோச்சி" என்றார்கள் நம் பெரியவர்கள்.

தமிழில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர் "போறேன்" என்று சொல்வதில்லை. "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்வோம். அந்தக் கோச்சியில் ஏறியவர்களுக்கு அப்படிச் சொல்ல வாயில்லை. அவர்கள் கையிலிருந்த கடவுச்சீட்டு, போவதற்கு மட்டும் கொடுத்த கடவுச்சீட்டு. இங்கே தங்கியவர்களில் பலருக்கோ அதுவும் இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான நம்மவர்களில் மிஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின்தான் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமை இல்லாதவருக்குப் பாஸ்போர்ட் ஏது? பாஸ்போர்ட் இல்லாதவருக்கு விமானம் ஏது? இன்று நம் பிள்ளைகள் கட்டுநாயக்கவில் நின்று "போயிட்டு வாறேன் அம்மா" என்று சொல்கிறார்களே, அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை காலம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோணியில் வந்தவளுக்கும், கப்பலில் போனவளுக்கும், வழியில் என்ன காத்திருக்கிறது என்று யாரும் உண்மையைச் சொல்லவில்லை. தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று சொல்லித்தான் அழைத்துவந்தார்கள் என்பது நம் பாட்டிமார் சொன்ன கதை. இன்றைக்கும் விமானம் ஏறுகிறவளிடம் சம்பளத்தைப் பற்றிச் சொல்வார்கள், சாமான் பற்றிச் சொல்வார்கள். அந்தப் பதினொரு மணித்தியாலத்தை உடம்பு எப்படித் தாங்கும் என்று சொல்ல ஆளில்லை. போய் வந்தவள் போகப் போகிறவளுக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். நாங்கள் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனிச் சொல்வதெல்லாம் அதற்கான தொடக்கம்.

முதலில் மலையிலிருந்து இறங்குவோம். கொழும்பில் இருப்பவருக்குப் பயணம் விமான நிலையத்தில் தொடங்குகிறது. நமக்கு அது பெரகலச் சந்தியில் தொடங்குகிறது. அப்புத்தளைப் பாதையும் வெல்லவாயவிலிருந்து ஏறி வரும் பாதையும் அங்கே சேர்ந்து, பெலிஹுல்ஓயா, பலாங்கொடை, இரத்தினபுரி என்று வளைந்து வளைந்து இறங்குகின்றன. கட்டுநாயக்க போய்ச் சேர ஏழு மணித்தியாலம் என்று வையுங்கள். பனிமூட்டமோ மழையோ இருந்தால் அதற்கும் மேல். விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம். லண்டனுக்கு நேரே போனால் ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம். ஏழும் மூன்றும் பதினொன்றும் இருபத்தொன்று. விமானத்தில் இருப்பது அதில் பாதிதான்! மற்றப் பாதியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

நம் வீடுகளில் நடப்பது என்ன? முதல் நாள் முழுக்கச் சொந்தக்காரர் வந்து போவார்கள். இரவெல்லாம் பெட்டி கட்டுவோம். விடியற்காலை இரண்டு மணிக்கு வேன் வரும். வழியில் வாந்தி வரும் என்று சாப்பிடாமல் ஏறுவோம். அழுது, களைத்து, பசித்து, தூக்கமில்லாமல் விமானத்தில் ஏறினால் அங்கே தாங்குவதற்கு உடம்பில் என்ன மிஞ்சியிருக்கும்? ஆகவே முடிந்தவர்கள் ஒரு நாள் முன்னரே மலை இறங்கிவிடுங்கள். கொழும்பிலோ நீர்கொழும்பிலோ உறவினர் வீட்டில் ஓர் இரவு தூங்குங்கள். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காரணத்துக்காகவும் முன்னதாக இறங்குவது நல்லது. வாந்தி வருகிறவர்கள் தேசிக்காயை முகர்ந்துகொண்டு வருவது நம் வழக்கம். விமானத்தில் இறக்கைக்குப் பக்கத்து ஆசனத்தில் ஆட்டம் குறைவாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்தது காற்று. விமானம் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில் பறக்கிறது. அங்கே மனிதர் சுவாசிக்க முடியாது. அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் கடற்கரையில் உள்ள அளவுக்கு நிரப்புவதில்லை. 1,800 மீற்றர் முதல் 2,400 மீற்றர் வரை உயரமான மலையில் உள்ள காற்று எப்படியோ, விமானத்துக்குள் உள்ள காற்று அப்படி. இதைக் கேட்டுக் கொழும்பு ஆட்கள் பயப்படலாம். நாம் ஏன் பயப்பட வேண்டும்? நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்புக் கோச்சி பட்டிப்பொலையில் நிற்கும்போது நாம் ஏறத்தாழ 1,890 மீற்றர் உயரத்தில் நிற்கிறோம். அந்தக் காற்றைச் சின்ன வயதிலிருந்தே சுவாசித்தவர்கள் நாம். அதனால் உள்ளே போனதும் மூச்சு முட்டுமோ என்று பதறத் தேவையில்லை. இதய நோய், நுரையீரல் நோய், கடுமையான இரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் டொக்டரிடம் கேட்க வேண்டும்.

காது அடைப்பதும் நமக்குத் தெரிந்ததே. பெரகலயிலிருந்து வெல்லவாய இறங்கும்போது காது "கும்" என்று அடைக்கும், எச்சிலை விழுங்கினால் "டப்" என்று திறக்கும். விமானம் இறங்கும்போது நடப்பதும் அதேதான். ஆகையால் இறங்கத் தொடங்கியதும் தூக்கத்திலிருந்து எழும்புங்கள். டொபி ஒன்றை வாயில் போடுங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். குழந்தை அழுதால் வெட்கப்படாதீர்கள். அழுதாலும் காது திறக்கும்.

மலைக் காற்றுக்கும் விமானக் காற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் காற்றில் ஈரம் இருக்கிறது, விமானக் காற்றில் அது இல்லை. ஈரப்பதன் பெரும்பாலும் 20 வீதத்துக்கும் கீழே. உதடு வெடிக்கும், கண் எரியும், தொண்டை காயும். அதற்கு மருந்து தண்ணீர்தான். இங்கேதான் நாங்கள் மனம் திறந்து ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நம் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன்? கொழுந்து மலையில் கழிப்பறை கிடையாது. பெரட்டுக்குப் போகும் முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளப் பழகியவர்கள் நம் அம்மாமார். பொழுது சாயும் வரை அடக்கிக்கொண்டு நின்றவர்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த நாமும் பஸ்ஸில் ஏறும் முன் தண்ணீர் குடிப்பதில்லை. அதே பழக்கம் விமானத்துக்குள்ளும் நம்மோடு ஏறிவிடுகிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பக்கத்து ஆண்களை எழும்பச் சொல்ல வெட்கப்பட்டு, கழிப்பறைக் கதவை எப்படித் திறப்பது என்று தெரியாமல், யாரிடமும் கேட்கவும் மனமில்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் போய் இறங்கிய பெண்கள் உண்டு. தலையிடியோடும் நீர்க்கடுப்போடும் அந்நிய நாட்டில் முதல் நாள் விடிந்திருக்கிறது அவர்களுக்கு.

தங்கைமாரே, இதை நன்றாகக் கேளுங்கள். விமானக் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் நடுவில் மடியும் கதவு. மடிப்பில் கையை வைத்து உள்ளே தள்ளினால் திறக்கும். உள்ளே போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினால்தான் விளக்கு நன்றாக எரியும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் வசதி இருக்காது, கடதாசிதான். வேண்டுமானால் கோப்பை ஒன்றில் தண்ணீர் கொண்டுபோகலாம். பொத்தானை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு உறிஞ்சும். பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். தரை ஈரமாக இருக்கும், சப்பாத்தோடு போங்கள். நடைபாதை ஓர ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு தண்ணீரைத் தாராளமாகக் குடியுங்கள். பணிப்பெண்ணிடம் எத்தனை முறை கேட்டாலும் அது பிச்சை அல்ல, டிக்கெட்டுக்குக் கொடுத்த காசில் அதுவும் அடக்கம்.

அடுத்தது கால். ஒரு நாளில் எத்தனை முறை மலை ஏறி இறங்கிய கால்கள் நம் கால்கள்! நடப்பது நமக்குப் பழக்கம். உட்கார்ந்தே இருப்பதுதான் பழக்கமில்லாதது. கெண்டைக்கால் தசை அசையும்போதுதான் காலில் இறங்கிய இரத்தம் மேலே ஏறும். அசையாமல் இருந்தால் கால் வீங்கும். சிலருக்கு உள் நரம்பில் இரத்தம் கட்டிப்போகும். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அப்படிப் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. அப்போதும் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்குத்தான் வரும். ஆகவே பீதி வேண்டாம், கவனம் போதும். விமானத்துக்கு மட்டுமல்ல, வேனுக்கும் பஸ்ஸுக்கும் கோச்சிக்கும் இதே கணக்குத்தான். பெரகலயிலிருந்து கட்டுநாயக்க வரை ஏழு மணித்தியாலம் மடக்கி வைத்த காலை, விமானத்தில் மேலும் பதினொரு மணித்தியாலம் மடக்கி வைக்கிறோம். பலாங்கொடையில் ஒருமுறை, இரத்தினபுரியில் ஒருமுறை வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி நடங்கள்.

விமானத்தில் பட்டி கட்டும் விளக்கு அணைந்ததும் மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடங்கள். உட்கார்ந்தபடியே குதிக்காலை ஊன்றி விரல்களை உயர்த்துங்கள், விரல்களை ஊன்றிக் குதிக்காலை உயர்த்துங்கள். தையல் மெசின் மிதிக்கிற மாதிரிதான். காலுக்குக் கீழே பையை வைத்து இடத்தை அடைக்க வேண்டாம். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு மரம் மாதிரிக் கிடக்க வேண்டாம். கர்ப்பிணிகள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், சத்திர சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்னர் இரத்தம் கட்டியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். இவர்கள் டொக்டரைக் கண்டு, தேவையானால் இறுக்கமான காலுறையை அளவு பார்த்து வாங்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் 28 வாரத்துக்குப் பின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் டொக்டரின் கடிதம் கேட்கும். போய் இறங்கிய பின் வரும் நாட்களில், அல்லது வாரங்களில், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், நெஞ்சு நொந்து மூச்சு வாங்கினால், "பயணக் களைப்பு" என்று படுத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலை செய்யும் வீட்டில் இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள்.

இனிச் சாப்பாடு. சைவக்காரர்கள் "இந்து உணவு" என்று பதிந்தால் கோழியோ மீனோ வரக்கூடும். மரக்கறி மட்டும் வேண்டுமானால் "ஆசிய மரக்கறி உணவு" என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிய வேண்டும். நீரிழிவு மாத்திரை, பிறஷர் மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டால் கீழ்த்தட்டின் குளிரில் பழுதாகலாம். மேற்கே போகும்போது நாள் நீளும் என்பதால் எந்த நேரத்தில் மருந்து என்பதை முதலே டொக்டரிடம் எழுதி வாங்குங்கள். மாசிச் சம்பலும் ஊறுகாயும் நல்லெண்ணெயும் பெரிய பெட்டிக்குள்ளே போகட்டும். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் உள்ள போத்தலை எடுத்துவிடுவார்கள். அவுஸ்திரேலியா போகிறவர்கள் ஒரு பிடி கறிவேப்பிலை என்றாலும் படிவத்தில் குறிப்பிட வேண்டும், அங்கே சட்டம் கடுமை.

விமானத்துத் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை என்று குறைசொல்லாத பழைய மாணவி ஒருத்தியும் இல்லை! ஊவாத் தேயிலையில் வளர்ந்த நாக்கு அல்லவா? காரணம் உண்டு. அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் 92, 94 பாகையிலேயே கொதித்துவிடும், சாயம் முழுதாக இறங்காது. காற்றின் வறட்சியாலும் இரைச்சலாலும் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகவே தெரியும். தேயிலையில் பிழையில்லை, இறங்கிய பின் நன்றாகக் குடித்துக்கொள்ளலாம்.

விமானம் குலுங்கினால் என்ன செய்வது? பெரகல வளைவில் பஸ் போகும்போது செய்வதைத்தான். சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தெரிந்த தெய்வத்தைக் கும்பிடுங்கள். பட்டியை மட்டும் தூங்கும்போதும் கழற்ற வேண்டாம். குலுக்கத்தில் காயப்படுகிறவர்கள் பெரும்பாலும் பட்டி கட்டாதவர்களே.

தனியாகப் போகும் அம்மாமாருக்கு ஒரு சொல். ரொறன்ரோவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் கிடையாது. டுபாயிலோ டோகாவிலோ மாற வேண்டும். டுபாய் வரை ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ஏறத்தாழ பதினான்கு. மாறும் இடந்தான் பயம். டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி உதவி கேளுங்கள். நடக்க முடிந்தவருக்கு எதற்கு என்று வெட்கப்படாதீர்கள், தூரமும் மொழியும் தெரியாதவருக்கும் அது வழித்துணை. போகும் வீட்டின் முகவரி, தொலைபேசி இலக்கம், உங்கள் நோய், மருந்து ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மூக்குக்கண்ணாடியும் பேனையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். போய்ச் சேர்ந்ததும் நமக்கும் அங்குள்ளோருக்கும் ஒன்பதரை, பத்தரை மணித்தியால வித்தியாசம் இருக்கும். உடம்பு நாளுக்கு ஒரு மணித்தியாலம் போலத்தான் பழகும். முதல் வாரத்தில் நடுச்சாமத்தில் விழிப்பு வந்தால் நோய் என்று பயப்படாதீர்கள். பகல் வெளிச்சத்தில் நடங்கள். பேரப்பிள்ளையைத் தூக்கும் ஆசையில் முதல் நாளே அடுப்படியைப் பொறுப்பெடுக்காதீர்கள்!

கடைசியாக, மத்திய கிழக்குக்குப் போன, போகின்ற நம் சகோதரிகள். நம் தோட்டங்களிலிருந்து விமானம் ஏறிய பெண்களில் மிகப் பலர் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் புத்தகப் பையை இறக்கி வைத்தவர்கள். பால்குடிப் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறியவர்கள். அவர்களின் பறப்பு நாலைந்து மணித்தியாலந்தான். ஆனால் நமக்கெல்லாம் விமானத்தின் மறுபக்கத்தில் மகளோ மருமகனோ பூச்செண்டோடு நிற்பார்கள். அவர்களுக்கோ முகம் தெரியாத ஒருவர் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார். அப்படி இறங்குகிறவளுக்குத் தெளிந்த தலையும் தெம்பான காலும் நம்மைவிட அதிகமாகவே தேவை.

அவர்களுக்கு நாங்கள் சொல்வது: ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டபின்தான் கையெழுத்து வையுங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதியையும் வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஒரு தொலைபேசி இலக்கத்தையாவது மனப்பாடம் செய்யுங்கள். கைபேசியை யாரும் வாங்கி வைக்கலாம், மனப்பாடத்தை வாங்க முடியாது. வாய்ப்பாடு படித்த பிள்ளைகள்தானே நாம்? இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை வீட்டில் உள்ளவர்கள் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இந்தச் சபையிடம் நாங்கள் கேட்பது மூன்று.

ஒன்று, பறந்து அனுபவப்பட்ட ஒவ்வொரு பழைய மாணவியும், முதன்முறை போகிறவளுக்கு உதவும் என்று தோன்றுவதை எளிய தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சங்கத்துக்கு அனுப்ப வேண்டும். சங்கம் அதைத் தொகுத்துச் சிறு கைநூலாக அச்சிட்டு, மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் பக்கத்துத் தோட்டங்களுக்கும் இலவசமாகக் கொடுக்கட்டும்.

இரண்டு, வெளிநாட்டுக் கிளைகளில் உள்ளவர்கள், தத்தம் நகரத்துக்குப் புதிதாக வந்திறங்கும் பிள்ளைக்கு முதல் கிழமையில் ஒரு தொலைபேசி அழைப்பாவது எடுக்க வேண்டும். "சாப்பிட்டியா? தூங்கினியா? கால் வீக்கம் வத்திச்சா?" என்ற மூன்று கேள்வி போதும்.

மூன்று, சங்க உறுப்புரிமை என்பது பரீட்சைச் சான்றிதழைப் பார்த்துக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. இந்தப் பாடசாலையின் வாங்கில் ஒரு தவணை உட்கார்ந்தவளும் பழைய மாணவிதான். குவைத்திலும் றியாத்திலும் லெபனானிலும் அடுப்படிகளில் நிற்கின்ற நம் வகுப்புத் தோழிகளைத் தேடிப் பிடித்து அங்கத்தவர்களாக்குவோம். அவர்களுக்குச் சந்தா அறவிட வேண்டாம் என்று இன்றைய பொதுக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவர நாங்கள் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆதரித்துக் கை உயர்த்துமாறு உங்களை அன்போடு கேட்கிறோம்.

வந்திருக்கும் எல்லோரும் விழா முடிந்து சுகமாகப் போய்ச் சேர வேண்டும். போகும் வழியில் தண்ணீர் குடிக்கவும், எழும்பி நடக்கவும் மறக்காதீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு சொல் அறிவியுங்கள். அடுத்த ஒன்றுகூடலுக்கும் கட்டாயம் வாருங்கள்.